சட்டையைப் பிடித்த நாத்தனார்

அவள் வேலை பார்க்கும் பல் கட்டும் கூடத்தின் வராந்தாவை அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள். அவள் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் பிளாஸ்டர் தூள் டப்பாவுமாக, நேரமாகிவிட்ட அவசரத்தில் வந்தாள். கால் வழுக்கியது. பின்பக்கமாகப் போனாள். துடைத்து முடித்த ஆயாம்மா "ஐயோ" என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முதுகு வளைந்து கொடுத்தது. பை எங்கோ பறக்க, வலது கை தானாக விரிந்து தரையில் படீரென்று அறைந்தது. பிறகு அமைதி. பிளாஸ்டர் தூள் மட்டும் வெள்ளையாக மேலே எழுந்து, நிதானமாக அவள் தலைமேல் இறங்கியது.

"தலைல அடிபட்டுச்சாம்மா? டாக்டர்கிட்டப் போலாமா?"

"ஒண்ணும் ஆகல."

உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை மட்டும் சிவந்து எரிந்தது. அந்தக் கையையே பார்த்தபடி ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். விழுந்தது தான்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படி விழுவதற்கு ஒரு காலத்தில் பழகியிருந்தாள், வாஸ்தவம். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கல்லூரி முடித்து, பழுப்பு பெல்ட் வரை ஜூடோ பழகியவள். ஆனால் அது பதினேழு வருஷத்துக்கு முந்தைய கதை. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. கல்யாணம் ஆயிற்று, வீடு மாறிற்று, மகள் பிறந்தாள். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை, அவ்வளவுதான்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒரு பெரியவருக்கான மேல்வரிசைப் பற்களை மெழுகில் வரிசையாகப் பதித்துக்கொண்டே, தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் ஒருத்தி வாடகையில்லாமல் குடியிருந்திருக்கிறாளே என்று யோசித்தாள். அவள் யார், இன்னும் என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள்.

"மறுபடியும் ஜூடோ போகலாம்னு இருக்கேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "எதுக்கு?"

"தெரியல."

"யாரையாவது அடிக்கணுமா?"

"ஜூடோல அடிக்க மாட்டாங்க. தூக்கித்தான் போடுவாங்க."

"சரி, யாரைத் தூக்கிப் போடணும்?"

அவள் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கப் போனாள். மகள்தான் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, போறதுன்னா போ. ஆனா என் ஃபிரெண்ட்ஸ் யாருகிட்டயும் சொல்லாத."

பக்கத்தில் எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தது கணவன்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கட்டடம். கீழே விளக்குக் கடை. கூரை முழுக்கக் கண்ணாடிச் சரவிளக்குகளாகத் தொங்கும். அதற்கு மேல்மாடியில் ஜூடோ கூடம். மேலே யாராவது விழுந்தால் கீழே அத்தனை விளக்கும் கிணுகிணுக்கும். கிணுகிணுப்பு எல்லை மீறினால் கடைக்காரர் ஒரு கழியால் கூரையைத் தட்டுவார். வருஷக்கணக்காக இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது என்று முதல் நாளே கோச் சொல்லிவிட்டாள்.

கோச்சுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில்.

"பழைய பெல்ட் வச்சிருக்கீங்களாக்கா?"

இருந்தது. துணி அலமாரியின் அடியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். இடுப்பைச் சுற்றிப் பார்த்தால் முடிச்சுக்கு எட்டவில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வெள்ளையே கட்டிக்கவா?"

"கட்டிக்கலாம். வேற நீளமான பழுப்பும் இருக்கு, அதையும் கட்டிக்கலாம். உங்க இஷ்டம்."

"எது சரி?"

"ரெண்டும் சரிதான்க்கா."

இப்படிப் பதில் சொன்னால் மனுஷிக்கு எப்படித் தெளிவு வரும்? வெள்ளையைக் கட்டிக்கொண்டாள். கட்டிய பிறகு, பழுப்பைக் கட்டியிருக்கலாமோ என்று தோன்றியது.

கேலிக்கூத்து அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. வராந்தாவில் கேட்காமலே அவ்வளவு அழகாக விழுந்த உடம்பு, இங்கே மெத்தென்ற பாய் விரித்து, விழு விழு என்று விசிலடித்துச் சொன்னபோது விழத் தெரியாமல் முழித்தது. முகவாயை உள்ளே இழுக்க நினைத்தால் கை மறந்துபோனது. கையை நினைத்தால் இடுப்பு முதலில் இறங்கியது. அரிசி மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டதுபோல் விழுந்தாள். கீழே விளக்குகள் அலறின. கடைக்காரர் கூரையைத் தட்டினார்.

"யோசிக்காதீங்கக்கா," என்றாள் கோச்.

யோசிக்காமல் இருப்பது எப்படி என்று அவள் வீடு போகும்வரை யோசித்தாள்.

இருந்தாலும் விடவில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம், வேலை முடிந்த கையோடு போனாள். தொடை வலித்தது, விலா வலித்தது, பெயர் தெரியாத இடமெல்லாம் வலித்தது. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கதவின் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. வேலையிடத்தில் மெழுகுக் கரண்டி பிடிக்கும்போது விரல்கள் மடங்க மறுத்து, யாருடைய கடைவாய்ப் பல்லோ கோணிக்கொண்டது. இதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று அவளால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் போகாத நாட்களில் எதையோ அடுப்பில் வைத்து மறந்துவிட்டதுபோல் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் கோச் சொன்னாள்: "இன்னிக்கு உங்களுக்குச் சரியான ஜோடி வந்தாச்சுக்கா. ஷிஃப்ட் மாறினதால கொஞ்ச நாளா வரல அவங்க. உங்க எடையேதான்."

உடை மாற்றும் அறையின் திரையை விலக்கிக்கொண்டு, ஆரஞ்சு பெல்ட்டை இறுக்கியபடி வெளியே வந்தது அவளுடைய நாத்தனார்.

கணவனின் கூடப்பிறந்த ஒரே அக்கா. ஆஸ்பத்திரி மருந்தகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். அவளோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்.

ஏன் பேச்சு நின்றது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. ஒரு தட்டு உடையவில்லை, ஒரு கதவு அறையப்படவில்லை. வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் வருவதை நிறுத்தினார். தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. "அக்காவுக்கு என்னவாம்?" என்று கணவனிடம் கேட்டால், "நீயே கேளு" என்றான். அக்காவிடமும் அதையே சொல்லியிருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் நின்று அக்காவோடு தனியாகப் பேசிவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டதுபோல் வைத்துக்கொண்டு உள்ளே வருவான். தான் என்ன செய்தோம் என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டதில் ஒரு வருஷம் போனது. பிறகு, போகட்டும், நமக்கென்ன என்று இருந்ததில் இரண்டு வருஷம் போனது.

நாத்தனார் அவளைப் பார்த்ததும் நின்றார். அவளும் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். இருவர் கண்ணும் ஒரே சமயத்தில் கதவுப் பக்கம் போனது.

கோச் விசிலடித்தாள். "எதிரெதிரா நில்லுங்க. குனிஞ்சு வணக்கம் சொல்லுங்க."

ஜூடோவில் அது கட்டாயம். பிடிப்பதற்கு முன்னால் வணக்கம், விட்ட பிறகு வணக்கம். மூன்று வருஷமாகப் பொது நிகழ்ச்சிகளில் தூணுக்குத் தூண் ஒளிந்து தவிர்த்த வணக்கத்தை, இருவரும் இடுப்பு வரை குனிந்து சொன்னார்கள்.

"பிடிங்க."

நாத்தனார் முன்னால் வந்து அவள் சட்டையைப் பிடித்தார்.

உறவுக்காரர்கள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனார்கள் என்று ஊரில் எத்தனை கதை கேட்டிருப்பாள்! தன் குடும்பத்தில் அது வணக்கம் சொல்லி, விசிலடித்து, முறைப்படி நடக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அவளும் பிடித்தாள். நாத்தனாரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புருவத்தில் ஒரு நரை. வாயில் ஏலக்காய் வாசனை. இவ்வளவு அருகில் இவரை எப்போதுமே பார்த்ததில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, நாத்தனார் அவள் காலை வாரிவிட்டார்.

விழுந்தாள். ஆனால் விழுந்த விதம் வேறாக இருந்தது. தலை தரையில் படாதபடி நாத்தனார் அவளுடைய ஒரு கையை விடாமல் மேலே இழுத்துப் பிடித்திருந்தார். எறிகிறவர் அப்படிப் பிடிக்க வேண்டும் என்பது பழகும் முறை. யாரை எறிந்தாலும் அப்படித்தான் பிடிப்பார். அது தெரிந்தும், பாயில் மல்லாந்தபடி, தன்னைக் கீழே தள்ளியவரும் தாங்கிப் பிடித்தவரும் ஒரே ஆளாக இருப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்து அவள் முறை. பெல்ட்டில் அவர் மேல். பழகிய வருஷத்தில் அவள் மேல். வயதில் அவர் மேல். மூச்சு வாங்குவதில் அவள் மேல். மரியாதையாகத் தூக்கிப் போடுவது எப்படி? பாதி தூக்கியபோதே அவள் தயங்க, இருவரும் கட்டிப்பிடித்தபடி சேர்ந்து விழுந்தார்கள். கடைக்காரர் தட்டினார்.

வகுப்பு முடியும்வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கடைசி வணக்கம் சொல்லிவிட்டு நாத்தனார் உடை மாற்றும் அறைக்குள் போனார். அவள் வெளியிலேயே, தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் கணவன் கேட்டான். "எப்படி இருந்துச்சு இன்னிக்கு?"

"நல்லா இருந்துச்சு. ஜோடி கிடைச்சாச்சு."

"யாரு?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? உங்கக்கா என்னைத் தூக்கிப் போட்டாங்க என்றா? "ஒரு அம்மா. மருந்துக் கடைல வேலை பார்க்கறாங்க."

"நல்லவங்களா?"

"தெரியல."

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதால் அடுத்த நாள் சொல்வது கஷ்டமாயிற்று. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கணவன் பால்கனியில் அக்காவோடு பேசும்போது, காய் நறுக்குகிறவள்போல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பேசி முடித்து வந்தவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, நாத்தனாரும் சொல்லவில்லை! மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேருக்கு நடுவில், பேசாமலே ஒரு ரகசியம் உண்டாகிவிட்டது. அவளுக்குக் கோபம் வர வேண்டுமா சிரிப்பு வர வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் பாதிப் பாதி வந்தன.

இப்படியே வாரங்கள் ஓடின. விசில், வணக்கம், பிடி, எறி, விழு, வணக்கம். பேச்சு மட்டும் இல்லை. ஆனால் பேச்சில்லாமலே ஒன்றிரண்டு விஷயம் நடந்தது. நாத்தனாருக்கு இடது முழங்கால் சரியில்லை என்பதை அவள் கவனித்தாள். அந்தப் பக்கம் எறிவதைத் தவிர்த்தாள். அவள் எழுந்திருக்கச் சிரமப்படும் நாட்களில் நாத்தனார் கை நீட்டினார், முகத்தை மட்டும் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு. ஒருநாள் கணவன் அவள் முன்கையில் விரல் விரலாகப் பதிந்திருந்த நீலத்தைப் பார்த்துவிட்டுப் பதறினான். "யாரு இப்படிப் பிடிச்சது? மனுஷியா அது?" அவள் சட்டென்று, "பாவம், நல்லாத்தான் பழகறாங்க" என்றாள். யாருக்காகப் பரிந்து பேசுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது.

அவளுடைய உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. எந்த நாளில் வந்தது என்று சொல்ல முடியாது. தரைப்பிடி பழகும் ஒரு சாயங்காலம், எதிராளியை மல்லாக்கத் தள்ளி, மார்பின் குறுக்கே படுத்து அசையவிடாமல் அமுக்கும் பிடியில், அவள் இடுப்பு தானாகத் தாழ்ந்து, கால்கள் தானாக விரிந்து ஊன்றிக்கொண்டன. பழையவள் வந்துவிட்டாள். நாத்தனார் இப்படித் திமிறினார், அப்படித் திமிறினார். நகரவில்லை. முடியவில்லை என்றால் கையால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உடனே விட்டுவிட வேண்டும். அதுதான் விதி.

நாத்தனார் தட்டவில்லை. திமிறுவதையும் நிறுத்திவிட்டார்.

தட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவளுடைய காதுக்குக் கீழே நாத்தனாரின் விலா எலும்புகள் குலுங்க ஆரம்பித்தன. முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தாள். பிறகு மூச்சு முட்டுகிறதோ என்று பயந்தாள். சட்டென்று பிடியை விட்டு எழுந்தாள். நாத்தனார் எழவில்லை. கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, மல்லாந்தபடியே கிடந்தார். கண்ணின் ஓரத்திலிருந்து காதுவரை ஈரம்.

கோச் ஓடி வந்தாள். "அக்கா, அடிபட்டுருச்சா?"

"இல்லம்மா. வேர்வை," என்றார் நாத்தனார்.

அவள் அன்று உடை மாற்றும் அறைக்கு வெளியே காத்திருக்கவில்லை. பின்னாலேயே போனாள். குறுகலான அறை, ஒரு பெஞ்சு, ஆணிகளில் தொங்கும் பைகள், ஈரத் துணியின் புளித்த வாசம். நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி," என்றாள். மூன்று வருஷம் பயன்படுத்தாத சொல். "வலிச்சா தட்ட வேண்டியதுதானே?"

"வலிக்கல."

"அப்புறம் ஏன்..."

நாத்தனார் பெல்ட்டை மடித்து முடித்தார். பிறகு பிரித்து மறுபடியும் மடித்தார். "அவர் என்னை விட்டுட்டுப் போனாரே, அந்த வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. நாத்தனாரின் கணவர், ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபோனார். அந்த வாரம் நாத்தனார் வந்திருந்தார். நன்றாகப் பேசினார், சிரிக்கக்கூடச் சிரித்தார், அவள் போட்ட காபியைப் பாராட்டினார். எவ்வளவு திடமான மனுஷி என்று அவள் அசந்துபோனாள்.

"நீ என் கையைப் பிடிச்சு என்ன சொன்னே தெரியுமா? 'உங்களால முடியும் அண்ணி, நீங்க எதையும் தாங்குவீங்க'ன்னு சொன்னே. சொல்லிட்டு, குக்கர் கத்துதுன்னு எந்திரிச்சுப் போயிட்டே."

அவள் விழித்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. "நல்லதுதானே அண்ணி சொன்னேன்?"

"நல்லதுதான். யாரு இல்லன்னா? ஆனா நான் அழறதுக்குன்னு வந்தேன். எங்கயும் அழாம, பஸ்லகூட அடக்கிக் கொண்டுவந்தேன். நீ அப்படிச் சொன்னதும் அதை எங்க எறக்கி வைக்கறதுன்னு தெரியல. திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லித்தான் தெரியணுமா?"

"ஆமா அண்ணி, சொல்லித்தான் தெரியணும்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க சிரிச்சீங்க. காபி நல்லாருக்குன்னீங்க. அதுல நான் என்னன்னு கண்டுபிடிக்கறது? மூணு வருஷம் நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம மண்டையைப் போட்டு உடைச்சிக்கிட்டேன்."

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. யாரோ தவறான மருந்துச் சீட்டை நீட்டியதுபோல் ஒரு குழப்பம்தான் இருந்தது.

"நீயும் உடைச்சிக்கிட்டியா? நீ கண்டுக்கவே இல்லன்னுல்ல நான் நினைச்சேன்."

"கூப்பிட்டேனே. நீங்க எடுக்கல."

"எடுத்தா என்ன சொல்றது? நீ என்னைத் திடமானவள்னு சொல்லிட்டே, அதனால கோபம்னா? கேக்கறவங்க சிரிப்பாங்க. எனக்கே அது சரியான கோபமான்னு தெரியல இப்ப வரைக்கும்."

மன்னிப்பு கேட்கலாம் என்றால், எதற்கென்று கேட்பது? ஞாபகமே இல்லாத ஒரு நல்ல வார்த்தைக்கா? கேட்காமல் இருக்கலாம் என்றால், எதிரே இருப்பவரின் கண் இன்னும் சிவந்திருக்கிறது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க எப்படி வந்து சேர்ந்தீங்க?"

"கீழ விளக்கு வாங்க வந்தேன். வீட்ல ஒத்தையா இருக்கறதுக்கு வெளிச்சமாவது நல்லா இருக்கட்டுமேன்னு. மேல இருந்து தடார் தடார்னு சத்தம். என்னன்னு கேட்டா, பொம்பளைங்க விழறாங்கன்னார் கடைக்காரர். வந்து பார்த்தேன். ஒருத்தி விழறா, யாரும் பதறல. 'நீ தாங்குவே'ன்னும் சொல்லல. எந்திரிச்சு அவ பாட்டுக்கு நிக்கறா. எனக்குப் பிடிச்சிருந்துச்சு." மடித்த பெல்ட்டைப் பையில் வைத்தார். "இன்னிக்கு நீ அமுக்கிப் பிடிச்சே பாரு. நகரவே முடியல. நகர வேண்டாம் போலவும் இருந்துச்சு. அதான் தட்டல. வேற காரணம் கேக்காத, எனக்கே தெரியாது."

வெளியே விசில் கேட்டது. கூடத்தைப் பூட்டும் நேரம்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க அண்ணி."

"பார்க்கலாம்," என்றார் நாத்தனார், பிடி கொடுக்காமல்.

ஆனால் வந்தார். கதவைத் திறந்த கணவன், அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே சந்தோஷத்தில் தடுமாறினான். மகள் "அத்தை!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிக்கல் அவர்கள் இருவருக்கும்தான். பாயில் ஒருவர்மேல் ஒருவர் உருண்டவர்களுக்கு, சோபாவில் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை. "வாங்க அண்ணி, உக்காருங்க" என்றாள். "இருக்கட்டும்மா" என்றார். பிறகு பழக்கதோஷம், இருவர் தலையும் ஒரே நேரத்தில் இலேசாகக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, ஏன் ரெண்டு பேரும் ஒரு மாதிரி பண்றீங்க?"

சாப்பாட்டுக்கு நடுவே சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் பாதி சொன்னாள், நாத்தனார் மீதி சொன்னார். யார் யாரை முதலில் எறிந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை வந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கணவன் சிரிக்கவில்லை. கை சோற்றில் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா," என்றாள் அவள்.

"நான் ஒவ்வொரு வாரமும் பால்கனில நின்னு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன பேசறது, எதைப் பேசக் கூடாதுன்னு தடவித் தடவிப் பேசிட்டு இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கட்டிப் புரண்டுட்டு இருந்திருக்கீங்க. எனக்கு மட்டும் சொல்லணும்னு தோணலை, இல்ல?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடா," என்றார் அக்கா. "நாங்க பேசிக்கவே இல்லையே."

அது உண்மைதான். ஆனால் உண்மையைக் கேட்டு அவனுக்குக் கோபம் அதிகமாயிற்று. கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். நாத்தனாரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அவளுக்கும்தான். வரக் கூடாது என்று இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவன் அவன் ஒருவன்தான். திங்கட்கிழமை போனது, செவ்வாய் போனது. சட்னியில் உப்பு இல்லை என்பதைக்கூட மகள் வழியாகத்தான் சொல்லி அனுப்பினான். அவள் வேலையிடத்தில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. திரையில் நாத்தனார் பெயர். அந்தப் பெயர் அப்படி ஒளிர்ந்து எத்தனை காலம் ஆயிற்று! மெழுகுக் கையோடு எடுத்தாள்.

"அவன் பேசறானா?"

"இல்ல அண்ணி. உங்ககிட்ட?"

"என்கிட்டயும் இல்ல."

எதிர்முனையில் யாரோ மாத்திரை வேளை கேட்பது கேட்டது. நாத்தனார் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, "சரி, நாளைக்கு வந்துரு," என்றார்.

"உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

தன் கோபமும் தீர்ந்ததா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். இந்த மூன்று வருஷத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேயேதான் இருந்தது. ஆனால் யாரிடம் கேட்பது என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் மறுநாள் வகுப்புக்கான உடுப்பைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தபோது, மகள் வாசற்படியில் வந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் முகம் கோணிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா உங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்."

"என்னவாம்?"

"அந்த இடத்துல ஆம்பளைங்களையும் சேர்த்துக்குவாங்களான்னு. அவருக்கு இல்லையாம். அவர் ஆபீஸ்ல யாரோ கேட்டாங்களாம்."

அவள் கையில் பாதி மடித்த சட்டையோடு நின்றாள். அடுத்த அறையில் நாளிதழ் புரட்டும் சத்தம், தேவைக்கு அதிகமாகவே, கேட்டது. சேர்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும் என்று சொல்வதா, வேண்டாம் என்பதா? வந்தால் இவனை யார் எறிவது, அக்காவா, பெண்டாட்டியா? எறிந்தபின் வீட்டுக்கு வந்து பேசுவானா, மாட்டானா?

"இருடி, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு," என்றாள். பிறகு, இதைப் போய் மகளிடம் சொல்லி அனுப்புவானேன் என்று தோன்ற, சட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு அவளே போனாள்.